ஹெட்லாக்கில் விழுந்தவன் சொல்வது

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டான எம்எம்ஏவைப் பழக ஜிம்மில் புதிதாகச் சேரும் எவருக்கும் முதலில் கைவருவது ஹெட்லாக்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தடவையாவது கட்டிப்புரண்டவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். கழுத்தில் கையைப் போடு, இடுப்பைத் திருப்பு, ஆளைத் தரையில் சாய். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பதாலேயே அதை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. அப்படிச் சொல்லித் தரப்படாத ஒரு பையன் என்மேல் போட்ட ஹெட்லாக்கில் என் வலது விலாவின் குருத்தெலும்பு போனது. கையிலிருந்து போன பணம் 30,000 ரூபாயை ஒட்டி வரும். மேட்டில், அதாவது பயிற்சிக்கு விரிக்கும் மெத்தையில், மறுபடி ஒழுங்காகக் கால் வைக்கக் கிட்டத்தட்ட அரை வருடம் ஆனது. ஆளைத் தூக்கித் தரையில் போடுவதை வீசல் என்போம், இன்று அதே வீசல் எனக்கு ரொம்பப் பிடித்த வீசல், அதை வேறொரு மாஸ்டரிடம் அடியிலிருந்து கற்றுக்கொண்டேன். நடுவில் பட்டதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன், வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. பள்ளியில் கபடி ஆடியிருக்கிறேன். அதற்குப் பிறகு உடம்பு நாற்காலியிலேயே கழிந்தது. சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும், நடைப்பயிற்சி போரடிக்கும் என்று தென்சென்னையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு எம்எம்ஏ ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு கடைக்கு மேல் மாடி. கண்ணாடிச் சுவர், நல்ல பாட்டு, நல்ல வெளிச்சம். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன். பேக்கில் குத்துவதும் பேடில் உதைப்பதும் உண்மையிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மல்யுத்தப் பகுதி மட்டும் கடைசி கால் மணி நேரத்தில் "சரி, ஜோடி சேருங்க, ரோல் பண்ணுங்க" என்பதோடு முடிந்துவிடும். விழுவது எப்படி என்று அங்கே ஒரு வகுப்புகூட நடந்ததில்லை. கபடியில் எவ்வளவோ விழுந்திருக்கிறோம், இதில் என்ன என்று எனக்கும் அப்போது அது ஒரு குறையாகப் படவில்லை. கபடியில் விழுவது வேறு, ஒருவன் இடுப்பு உயரத்திலிருந்து அவன் எடையோடு சேர்ந்து விழுவது வேறு.

அன்று எனக்கு ஜோடியாக வந்த தம்பி கல்லூரி மாணவன். நல்ல பையன், என்னைவிட இருபது கிலோவுக்கு மேல் கூடுதல். நின்றபடி ஆரம்பித்து ஆளைக் கீழே கொண்டுபோனால் மறுபடி எழுந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது பயிற்சி. நான் அவன் இடது கைக்குக் கீழே கையை விட்டு நெஞ்சோடு நெஞ்சாகத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் வலது கையை என் கழுத்தில் சுற்றி, இடது கையால் தன் மணிக்கட்டையே பிடித்து இறுக்கிவிட்டுத் திரும்பினான். என் கை எதையும் அவன் பிடிக்கவில்லை, இடுப்பும் முழுதாகக் குறுக்கே வரவில்லை. பாதி திரும்பிய நிலையில் அவன் கால் தடுமாறியது. இரண்டு பேரும் பக்கவாட்டில் சரிந்தோம், நான் கீழே, அவன் மேலே. அவன் விலாப்பக்கம் முழுவதும் என் வலது நெஞ்சின் கீழ்ப்பாகத்தில் வந்து இறங்கியது. 'பொளக்' என்று ஒரு சத்தம். அது காதில் கேட்டதைவிட உள்ளே கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சு வெளியே போனது, திரும்ப வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன், காற்று உள்ளே போகவில்லை. சில நொடிகள்தான் இருக்கும், ஆனால் அந்த நொடிகளில் நான் மகளைப் பற்றி யோசித்தது நினைவிருக்கிறது. கோச் வந்து காலைத் தூக்கி ஆட்டி, "மூச்சடைப்புதான் ப்ரோ, ஒண்ணுமில்ல" என்றார். தம்பி முகம் வெளுத்து "அண்ணா ஸாரிண்ணா" என்று நின்றுகொண்டிருந்தான். நானும் சிரித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. கழுத்தை மட்டும் பிடித்துப் போடும் ஹெட்லாக் சண்டைக்கு வேண்டுமானால் சரி. மல்யுத்தத்தின் ஃப்ரீஸ்டைல், கிரேக்கோ ரோமன் என்ற இரண்டு பிரிவுகளிலுமே அது விதிமீறல். தலையைச் சுற்றிப் பிடித்தால் கூடவே எதிராளியின் ஒரு கையும் பிடிக்குள் இருந்தாக வேண்டும். அது நடுவருக்காகப் போட்ட சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கைதான் கீழே போகிறவனின் பாதுகாப்பு. கை உங்கள் பிடியில் இருந்தால் அவன் எங்கே விழுகிறான், எவ்வளவு வேகத்தில் விழுகிறான், அவன் முதுகு எப்போது மேட்டைத் தொடுகிறது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கும், கடைசி நொடியில் மேலே இழுத்து மெதுவாக இறக்கலாம். கை பிடியில் இல்லையென்றால் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டு விழுவான், நீங்களும் எங்கே போய் விழுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அவன் பயத்தில் கையைத் தரையில் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். ஊன்றாவிட்டால் என் கதிதான்.

அன்று ராத்திரி படுக்க முடியவில்லை. படுத்தால் எழ முடியவில்லை, எழுந்தால் இரும முடியவில்லை. இருமலைக்கூட அடக்கலாம், தும்மலை என்ன செய்வது? மூக்கு குறுகுறுக்க ஆரம்பித்ததுமே பயத்தில் உடம்பெல்லாம் வியர்த்துவிடும். தலையணையை நெஞ்சோடு கட்டி அணைத்துக்கொண்டு தும்மினால் வலி பாதியாகும் என்பதைப் பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரொம்ப நாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்கினேன். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு எதுவும் இல்லை. "சதைப்பிடிப்புதான்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் தாண்டியும் வலி குறையாமல், அழுத்தினால் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தவே, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் விரலை வைத்த இடத்திலேயே நான் துள்ளிவிட்டேன். நெஞ்செலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவில் இருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்று அவர்தான் விளக்கி, அல்ட்ராசவுண்டில் பார்த்து உறுதி செய்தார். முறிந்த விலா எலும்பு ஆறு வாரத்தில் ஓரளவு சேர்ந்துவிடும், குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் அதைவிடக் கூடுதலாகப் பொறுக்க வேண்டும் என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை நம்பி அடுத்த வாரமே மேட்டில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

அம்மா முதல் நாளிலிருந்தே "புத்தூர் கட்டு போட்டுட்டு வாடா, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரே பிடியாக நின்றார். கை கால் எலும்பில் அதை நம்புகிறவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் விலாவை இறுக்கிக் கட்டக் கூடாது என்பதை மருத்துவர் ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னார். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கட்டுவார்களாம். கட்டினால் வலி குறையும், ஆனால் மூச்சு மேலோட்டமாகவே போய்வரும். நுரையீரலின் அடிப்பாகம் விரியாமல் சளி தங்கி நிமோனியா வரை போகலாம். வலித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து முறையாவது ஆழமாக மூச்சை இழுத்து விடு, அதற்குத்தான் வலி மாத்திரை தருகிறேன், படுத்துக் கிடப்பதற்கு அல்ல என்றார். அம்மாவைச் சமாளிக்க ஆட்டுக்கால் சூப்புக்கு ஒப்புக்கொண்டேன், இரண்டு பேருக்கும் சமாதானம். இன்னொன்றும் அவர் சொன்னார். விலாவில் அடிபட்ட பின் மூச்சு வாங்குவது அதிகமாகிக்கொண்டே போனாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, மேல்வயிறு கல்போல ஆனாலோ, காரணமில்லாமல் தோள்பட்டை முனையில் வலித்தாலோ நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நுரையீரலில் ஓட்டையோ, கல்லீரல் மண்ணீரலில் கிழிசலோ இருக்கலாம். நான் அன்று பைக்கில் வீட்டுக்கு வந்தது என் அதிர்ஷ்டம், புத்திசாலித்தனம் அல்ல.

பணக் கணக்கு என் தொழில் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கட்டணம், எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரை எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துக்குப் பக்கம். பிசியோதெரபி ஒரு தடவைக்கு 500 ரூபாய், அதுதான் சத்தமில்லாமல் ஏறியது. பைக் ஓட்ட முடியாததால் ஆபீசுக்கு ஆட்டோ, அது பிசியோவைவிட மோசம். கடைசியாக ஜிம்மில் கட்டிய பணம். மருத்துவச் சான்றிதழைக் காட்டி மீதி மாதங்களை நிறுத்தி வையுங்கள், வந்து தொடர்கிறேன் என்று கேட்டேன். பாலிசியில் இல்லை சார் என்றார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்ற வரி இருந்ததைக் காட்டினார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, எல்லா ஜிம்மிலும் அந்த வரி இருக்கும். ஆனால் கட்டணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மல்யுத்தமோ ஜூடோவோ கற்கும் யாருக்கும் ஒரு தடவையாவது அது தேவைப்படும். முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் கட்டுவதே நல்லது, தள்ளுபடி போனால் போகட்டும். என் ஹெல்த் இன்ஷூரன்ஸும் கைகொடுக்கவில்லை. அட்மிட் ஆகாத செலவை அது தொடாது. ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்று அடிபட்டால் செலவு கிடைக்காது என்ற விலக்கு நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் பொதுவாகவே உண்டு. பொழுதுபோக்காக ஆடுபவருக்கு அது பொருந்தாது, ஆனால் பரிசுப் பணத்துக்கு மேடை ஏறும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அடுத்து மேட். இதை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஜிம்மில் இருந்தது ஒன்றோடொன்று கோத்துப் போடும் 20 மில்லிமீட்டர் ஃபோம், அதற்குக் கீழே நேராக டைல்ஸ். குத்துச்சண்டைக்கும் உடற்பயிற்சிக்கும் அது போதும். இடுப்புக்கு மேலே ஆளைத் தூக்கிப் போடும் வீசலுக்குப் போதவே போதாது. ஜூடோ மேட் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும், மல்யுத்த மேட் அதைவிடவும் தடிமன். புது இடத்துக்குப் போனால் கட்டை விரலால் மேட்டை அழுத்திப் பாருங்கள், கீழே தரை கையில் தட்டுப்பட்டால் அங்கே நின்றபடி வீசல் பழக வேண்டாம், முட்டியிட்டுப் பழகுங்கள். இரண்டு மேட்டுக்கு நடுவில் கால் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அப்படித்தான். சொல்லித் தருபவர் எங்கே ஆடினார், யாரிடம் கற்றார் என்று கேட்பதிலும் கூச்சப்படாதீர்கள். பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனமான என்ஐஎஸ்ஸில் மல்யுத்தத்துக்குத் தனியாகக் கோச்சிங் டிப்ளமா தருகிறார்கள். அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மாநில அளவிலாவது மல்யுத்தமோ ஜூடோவோ ஆடியவராக இருக்க வேண்டும். கிக் பாக்ஸிங் மாஸ்டர் வீடியோ பார்த்துச் சொல்லித் தரும் ஹெட்லாக்கில் உங்கள் விலாவை வைக்காதீர்கள்.

எனக்குக் கிடைத்த மாஸ்டர் ரயில்வேயில் மல்யுத்தம் ஆடி ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் போனேன். நடந்ததைச் சொன்னதும், "போட்டவன் மேல தப்பில்ல, விழ விட்டவங்க மேல தப்பு" என்றார். பிறகு ரொம்ப நாள் விழ மட்டும்தான் விட்டார். பத்து வயதுப் பிள்ளைகளோடு நானும் வரிசையில் நின்று தொம் தொம் என்று விழுந்துகொண்டிருந்தேன். முதலில் குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்றபடி. தாடையை நெஞ்சில் ஒட்டவைத்து, பல்லைக் கடித்து, விழும் நொடியில் மூச்சை 'ஹா' என்று வெளியே விட்டு, காலியாக இருக்கும் கையால் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி மேட்டை அறைய வேண்டும். பின்னால் கையை ஊன்றவே கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுபவனுக்குத்தான் மூச்சடைக்கும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க கண்ண மூடுறீங்க" என்றாள். ஆமாம், மூடிக்கொண்டுதான் இருந்தேன். பயம் உடம்பிலிருந்து போகப் பல வாரங்கள் பிடித்தன. யாராவது கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுவந்தாலே வலது முழங்கை தானாக விலாவை மூட ஓடும்.

வீசலுக்கு வந்தபோது மாஸ்டர் கழுத்தைத் தொடவே விடவில்லை. முதலில் கை மட்டும். வலது கைப் பழக்கம் உள்ளவருக்குச் சொல்கிறேன். இடது கையால் எதிராளியின் வலது கையை முழங்கைக்குச் சற்று மேலே, பின்பக்கச் சதையில் பிடிக்க வேண்டும். பிடித்து நம் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இடது அக்குளோடு ஒட்டவைக்க வேண்டும். அவர் தன் கையை என் பிடிக்குள் கொடுத்துவிட்டு, நடுவில் விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் நுழைந்தால் "காத்து போகுது, மறுபடி பிடி" என்பார். எதிராளி தன் வலது கையை நம் இடது அக்குளுக்குக் கீழே விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் வசதி, அவன் கையின் மேலாக நம் இடது கையைச் சுற்றிப் பூட்டிவிட்டால் அந்தக் கை தப்பவே தப்பாது. இப்படி அக்குளுக்குக் கீழே கையை விட்டு, அதாவது அண்டர்ஹூக் போட்டுத் தள்ளிக்கொண்டு வருபவனுக்கு இந்த வீசல் எமன் என்பார். அன்று நான் அந்தத் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனேன் அல்லவா, அவன் என் கையை மட்டும் பூட்டியிருந்தால் அழகாக விழுந்து, எழுந்து கைகுலுக்கியிருப்பேன்.

கைக்குப் பிறகு கால். ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டிக்கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்தபடி திரும்பச் சொன்னார். வலது காலை எதிராளியின் வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைக்க வேண்டும், அந்த முன்பாதத்திலேயே சுழன்று இடது காலைப் பின்னால் கொண்டுவர வேண்டும். முடிவில் நம் இரண்டு பாதங்களும் அவன் பாதங்களுக்கு உள்ளே, அவன் பார்க்கும் திசையையே பார்த்தபடி, முட்டி மடங்கி இருக்க வேண்டும். நம் இடுப்பு அவன் இடுப்பைவிடக் கீழே இருக்க வேண்டும், அவன் வலது இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஏமாற்றுவார்கள். இடது காலைச் சுழற்றாமல் மேல் உடம்பை மட்டும் திருப்புவார்கள். அப்போது எதிராளியின் எடை ஊன்றிய முட்டியின் பக்கவாட்டில் இறங்கும், முட்டியின் உள்பக்கத் தசைநார் கிழிவது இப்படித்தான். வலது கை கழுத்துக்குப் போவது கடைசியில், காலோடு சேர்ந்து. நெரிப்பதற்காக அல்ல, முழங்கையின் மடிப்பு அவன் பிடரியில் மாட்டிக்கொள்வதற்காக. பிறகு முட்டியை நிமிர்த்தி, இடது கையைத் தரைப்பக்கம் இழுத்து, இடது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தால் அவன் தானாக நம் இடுப்பைத் தாண்டி வருவான். பலமே வேண்டாம். பலம் தேவைப்பட்டால் இடுப்பு உள்ளே வரவில்லை என்று அர்த்தம், விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நேரமும் முக்கியம். "அவன் வர்றப்போ போடு, போறப்போ போடாத" என்று மாஸ்டர் ஓயாமல் சொல்வார். பின்வாங்குகிறவனை ஹெட்லாக்கில் இழுத்தால் அவன் உட்கார்ந்துவிடுவான், நீங்கள் அவன் மடியில் முதுகைக் காட்டிக்கொண்டு விழுவீர்கள்.

பயிற்சியில் போட்டுவிட்டு நிற்கச் சொல்வார். மேலே விழக் கூடாது. எதிராளியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு, நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைப்பதுபோல இறக்க வேண்டும். போட்டியில் மட்டும்தான் கூடவே இறங்குவது. அப்படி இறங்கும்போதுகூட நம் வலது இடுப்பு அவன் வலது அக்குளை ஒட்டி மேட்டில் உட்கார வேண்டும், வலது கால் முன்னால், இடது கால் பின்னால் அகலமாக. அவன் கை இன்னும் நம் அக்குளில், அவன் தலை மேட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிய நிலையில். தலை மேட்டைத் தொட்டால்தான் அவனால் இடுப்பை மேலே எழுப்பிப் பாலம் போட்டு உருட்ட முடியும். மல்யுத்தத்தில் நின்ற நிலையிலிருந்து நேராக முதுகு தெரியப் போட்டால் 4 புள்ளி, உயரத் தூக்கி வீசினால் 5, இரண்டு தோளும் மேட்டில் ஒட்டினால் ஆட்டமே முடிந்தது. பின்தங்கிக்கொண்டிருப்பவர்கள் கடைசி அரை நிமிடத்தில் ஹெட்லாக்குக்குப் போவது இதனால்தான்.

எம்எம்ஏவில் கணக்கு வேறு. இந்தப் பிடியில் உட்கார்ந்தபடியே எதிராளியைத் தோற்கடித்தவர்கள் உண்டு. யுஎஃப்சி என்ற எம்எம்ஏ அமைப்பு 1997ல் நடத்திய யுஎஃப்சி 12ல் மார்க் கோல்மன், டான் செவர்னை இப்படிக் கழுத்தைப் பிடித்தே பணியவைத்து அந்த அமைப்பின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 2014ல் குத்தே இல்லாத, பிடிகள் மட்டும் உள்ள ஒரு போட்டியில் ஜாஷ் பார்னெட், பல வருடங்களாக யாரிடமும் டேப் செய்யாத, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாத டீன் லிஸ்டரை இதே நிலையில் நெஞ்சை அழுத்தியே டேப் செய்ய வைத்தார். விலாவில் அடிபட்டவன் என்ற முறையில் அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்த்ததில்லை. பெய்ஜிங் ஒலிம்பிக் ஜூடோவில் வெண்கலம் வென்ற ரோண்டா ரௌஸியும் தலையையும் கையையும் பிடித்து வீசித்தான் பலரைத் தரைக்குக் கொண்டுவந்தார். 2014ல் அலெக்ஸிஸ் டேவிஸை வீசி, எழ விடாமல் குத்தி, மொத்த ஆட்டமும் 16 நொடிதான். ஆனால் அதே ரௌஸி 2013ல் லிஸ் கார்மூஷோடு மோதியபோது, கார்மூஷ் அவர் முதுகில் ஏறி நின்றபடியே கழுத்தையும் தாடையையும் நெரித்தார். உதறிவிட்டு ரௌஸி, முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் ஆர்ம்பார் பிடியில் ஜெயித்துவிட்டார், ஆனால் அந்தச் சில நொடிகள் ஒரு பெரிய சாம்பியனுக்கே அப்படி. எதிராளிக்கு முதுகைத் திருப்பித்தான் இந்த வீசலைப் போட்டாக வேண்டும். கை நழுவினால் தலையும் நழுவும், தலை நழுவினால் அவன் பின்னால் இருப்பான், பின்னால் இருந்தால் கழுத்து அவன் கையில். வியர்வை வழியும்போது, சட்டையில்லாமல் ஆடும்போது, இன்னும் சீக்கிரம் நழுவும். அதனால் மூன்றாவது ரவுண்டில் நான் இதற்குப் போகவே மாட்டேன். முதல் ரவுண்டில், உடம்பு காய்ந்திருக்கும்போது, கை பூட்டியிருந்தால் மட்டும். கை நழுவுகிறது என்று தெரிந்த கணமே தலையையும் விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பிவிட வேண்டும், தலையை மட்டும் கட்டிக்கொண்டு தொங்கினால் முடிந்தது கதை.

மாட்டிக்கொள்ளும் பக்கத்தையும் பழகாமல் விடாதீர்கள். கழுத்தில் கை விழுந்தவுடன் எல்லோரும் தலையைப் பின்னால் இழுப்பார்கள், அது அவனுக்குத்தான் உதவி. இடுப்பைக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டி, அவன் முதுகுப் பக்கமாக நடக்க வேண்டும். அவன் இடுப்பு குறுக்கே வர முடியாதபடி ஒரு உள்ளங்கையை அவன் இடுப்பெலும்பில் வைத்து முட்டுக் கொடுத்தாலே பாதி வீசல் செத்துவிடும். தரையில் மாட்டினால் முதல் வேலை பக்கவாட்டில் திரும்பி, பிடிபட்ட முழங்கையைத் தரைக்குக் கொண்டுவருவது. முழங்கை மேட்டைத் தொட்டால் மூச்சு விட இடம் கிடைக்கும். அடுத்து இன்னொரு முன்கையை அவன் தாடையில் வைத்துத் தள்ளுவது, அவன் பின்னால் சாய்ந்தால் பாலம் போட்டு உருட்டுவது. இதெல்லாம் வரவில்லை, நெஞ்சு அழுந்துகிறது என்றால் டேப் செய்துவிடுங்கள். கழுத்து நெரிபட்டால் டேப் செய்பவர்கள்கூட விலா அழுந்தும்போது மானக்கேடு என்று பொறுத்துக்கொள்கிறார்கள். என்ன மானம்? தும்மல் வரும்போது தெரியும்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் மட்டும் வீசல் பழகுகிறேன், மற்ற நாட்களில் பிடியும் காலும்தான். என்னைவிடப் பத்து கிலோவுக்கு மேல் கூடுதலாக இருப்பவரோடு முழு வேகத்தில் போவதில்லை, கேட்டால் நேராகவே சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள், கைக்கு மரத்துப்போகும் தொந்தரவு உள்ளவர்கள் இந்த வீசலைப் போடவோ வாங்கவோ வேண்டாம் என்று மாஸ்டர் வாசலிலேயே கேட்டுத் திருப்பிவிடுகிறார், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நம்மில் பலருக்கு அது இருக்கும், சேருமுன் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரித் தம்பியைப் போன மாதம் பார்த்தேன். இப்போதும் அதே மாடியில்தான் போகிறானாம். முகவரி கொடுத்திருக்கிறேன், காலை ஆறு மணிக்கு எழ முடியாதுண்ணா என்கிறான்.